மலையில் இருக்கும்போது வீட்டிலிருந்து சேதி வந்தால்

சித்தேரி மலையில் நடப்பவருக்குக் கெட்ட சேதி தாமதமாகத்தான் வந்து சேரும். அரூரை விட்டு மலை ஏறத் தொடங்கியதும் கைப்பேசியில் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும். உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களில் பல இடங்களில் ஒன்றுமே இருக்காது. பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலை இன்னும் மோசம். தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போன ஊர் அது. வத்தல்மலைக்குச் சாலை இருக்கிறது, ஆனால் காப்பிச் செடிகளுக்குள் இறங்கி நடந்தால் அங்கேயும் இதே கதைதான். காலை 8 மணிக்கு வீட்டில் ஒருவர் விழுந்திருப்பார். மாலை 5 மணிக்கு நீங்கள் அடிவாரத்து டீக்கடையில் உட்காரும்போது தவறிய அழைப்புகள் மொத்தமாக வந்து குவியும். அண்ணன், மாமா, பக்கத்து வீட்டு அக்கா, மறுபடி அண்ணன். நடுவில் ஒன்று உங்கள் மேலாளருடையது.

சனி, ஞாயிறோடு இரண்டு நாள் சேர்த்து விடுப்பு எடுத்துக்கொண்டு தருமபுரி மாவட்டத்துக்கு நடக்க வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெங்களூருவிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர், சேலத்திலிருந்து 65. வருவது சுலபம். அவசரத்தில் திரும்பிப் போவதுதான் சிரமம். அந்த மாலையில் நீங்கள் தடுமாறாமல் இருப்பது பெரும்பாலும் விடுப்புக்கு எழுதிக் கொடுத்த நாளிலேயே முடிவாகிவிடுகிறது. சேதி வந்த பிறகு அலுவலகத்துக்கு நீங்கள் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் கெஞ்சலாகச் செய்யத் தேவையில்லை.

விடுப்பு எழுதும் நாளில்

நான்கு நாள் விடுப்பு என்றாலும் பொறுப்பு ஒப்படைக்கும் குறிப்பைப் பத்து நாளுக்கு எழுதுங்கள். நம் வீடுகளில் ஒரு சாவோ பெரிய அறுவை சிகிச்சையோ வந்தால் ஆள் வேலைக்குத் திரும்பக் குறைந்தது அவ்வளவு நாள் ஆகும். பத்து நாளுக்கு எழுதி வைத்தவர் மலையடிவாரத்தில் நின்றுகொண்டு "அந்த ஃபைல் எங்க இருக்கு" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்காது.

குறிப்பு ஒரு பக்கம் போதும். கையில் இருக்கும் வேலைகள் எந்த நிலையில் நிற்கின்றன, யாரிடம் கேட்டால் தெரியும், எந்தத் தேதி தவறக் கூடாது என்று மூன்று விஷயம். இவற்றோடு பலர் எழுதாமல் விடும் நான்காவது ஒன்று உண்டு: உங்கள் இடத்தைப் பார்த்துக்கொள்பவர் உங்களைக் கேட்காமலே எதுவரை முடிவெடுக்கலாம் என்பது. வாடிக்கையாளருக்கு விலையில் எவ்வளவு குறைக்கலாம், எந்த ஆர்டரைத் தள்ளிப் போடலாம், எந்தக் கடிதத்தில் அவரே கையெழுத்திடலாம். இது இல்லாத குறிப்பு வெறும் பட்டியலாகத்தான் இருக்கும். ஒவ்வொரு முடிவுக்கும் உங்களைத் தேடி அழைப்பு வரும். பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்காதீர்கள். சக ஊழியருக்கே தேவையான அனுமதியை முன்கூட்டி வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அலுவலக லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள் என்று நான் அழுத்தமாகச் சொல்வேன். அது பையில் இருக்கும்வரை "ஒரு அரை மணி நேரம் மட்டும்" என்று கேட்பவர்கள் இருப்பார்கள், துக்க வீட்டிலும் கேட்பார்கள்.

அடுத்து, உங்களைத் தேடிப் பிடிக்க ஒரு வழி. தங்கும் வீட்டுக்காரர், வழிகாட்டி, அடிவாரக் கடைக்காரர் என மூவரில் ஒருவரின் எண்ணையாவது வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள். எந்த நிறுவனத்தின் சிக்னல் அந்த மலையில் எடுக்கும் என்று முன்பதிவின்போதே கேளுங்கள். உள்ளூர்க்காரர் பட்டென்று சொல்லிவிடுவார். எந்தப் பாதை, எந்த நேரத்துக்குள் இறங்குவீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். நகரங்களில் வேலை பார்த்த இளம்பெண்களும் ஆண்களும் அவர்களில் பலர். அன்று வீட்டார்தான் மலையிலிருந்து சேதி வருமா என்று காத்துக்கிடந்தார்கள். அதன் பிறகுதான் தமிழகத்தில் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை இணையத்தில் பதிவு செய்து நடக்கும் 40 பாதைகளைத் திறந்தது. பக்கத்துக் கிருஷ்ணகிரியிலும் சேலத்திலும் அப்படிப்பட்ட பாதைகள் உண்டு. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் காவிரிக் கரைக் காடுகள் 2022 முதல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம். அங்கே அனுமதி இல்லாமல் நுழைந்தவரைத் தேட வேண்டி வந்தால் எங்கே தொடங்குவது என்றே யாருக்கும் தெரியாது.

வீட்டாரோடு ஓர் ஒப்பந்தம்

இதைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாக நினைக்கிறேன், ஆனால் எந்த அலுவலக வழிகாட்டியிலும் இது இருக்காது. நம் குடும்பங்களில் வெளியூரில் இருப்பவருக்குச் சாவைச் சாவு என்று சொல்வதில்லை. "அப்பாவுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்ல, கிளம்பி வா" என்பார்கள். "சும்மாதான், எல்லாரும் வந்திருக்காங்க, நீயும் வந்துரு" என்பார்கள். அன்பினால்தான் அப்படிச் சொல்கிறார்கள். வழியில் பதறி எதிலாவது மோதிவிடக் கூடாது என்ற பயமும் அதில் இருக்கிறது.

ஆனால் இந்தப் பாதி உண்மை இரண்டு விதமாகக் கெடுக்கிறது. சிலர் உடனே புரிந்துகொண்டு, யாரிடமும் உறுதிப்படுத்திக்கொள்ள முடியாமல், மனதில் ஆயிரம் ஓட, அதே பதற்றத்தோடு மலைப்பாதையில் வண்டியை விரட்டுகிறார்கள். வேறு சிலர் அதை அப்படியே நம்பி, காலையில் கிளம்பலாம் என்று படுத்துவிடுகிறார்கள். விடிந்து கிளம்பி ஊர் எல்லையைத் தொடும்போது எல்லாம் முடிந்திருக்கும். அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் போனவரின் வருத்தம் எந்தக் காரியத்தோடும் முடிவதில்லை.

ஆகவே கிளம்புவதற்கு முன் வீட்டில் ஒருவரோடு பேசி வையுங்கள். அண்ணனோ, சின்ன அத்தையோ, மச்சானோ, யார் திடமானவரோ அவர். "எதுவானாலும் எனக்கு நேரா சொல்லிருங்க. மறைக்க வேணாம்." அவரும் ஒன்று கேட்கலாம்: நீங்கள் தனியாக இருக்கும்போது சொல்லாமல், கூட வந்தவரிடம் முதலில் சொல்ல அனுமதி. அது நல்ல ஏற்பாடு. கூட வரும் நண்பரின் எண்ணையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள். அந்த ஒரு அழைப்பு இப்படி இருந்தால் போதும்: "தம்பி, உக்காந்துக்க. அப்பா காலையில தவறிட்டாரு. நாளைக்குப் பத்து மணிக்கு எடுக்கறோம், உனக்காகத்தான் வச்சிருக்கோம். வண்டிய நீ ஓட்டாத." நாலே வரி. தெரிய வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது.

சேதி வந்ததும்

சாவுச் சேதி என்றால் முதல் கேள்வி "எப்ப எடுக்கறாங்க?" அந்த நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் இன்றிரவே போக வேண்டுமா, விடியற்காலையில் கிளம்பினால் போதுமா என்று தெரிந்துவிடும். மருத்துவமனைச் சேதி என்றால் கேட்க வேண்டியவை வேறு: எந்த ஊர், எந்த மருத்துவமனை, நினைவோடு இருக்கிறாரா, என்ன சிகிச்சை என்று முடிவெடுக்க யாருடைய கையெழுத்து வேண்டும். பதில்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதிர்ச்சியில் காதில் விழுவது மனதில் நிற்காது. பத்து நிமிடத்தில் அதே கேள்வியை மறுபடி கேட்டு எதிர்முனையில் இருப்பவரை அழ வைப்பீர்கள்.

வண்டியை நீங்கள் ஓட்டாதீர்கள். மலையிலிருந்து இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளும், பென்னாகரம் – ஒகேனக்கல் சாலையில் இருட்டியபின் யானை கடக்கும் இடங்களும், சேலம் போகும் வழியில் விபத்துக்குப் பேர்போன தொப்பூர் கணவாயும் நிதானமான ஓட்டுநருக்கே கஷ்டம். அரூரிலோ தருமபுரியிலோ வாடகை வண்டி கிடைக்கும். இரண்டாயிரம், மூவாயிரம் கூடக் கேட்டாலும் அன்றைக்குப் பேரம் பேச வேண்டாம்.

வழி தெரிந்து கிளம்புங்கள். சென்னைப் பக்கம் போகிறவர் தருமபுரி ரயில் நிலையத்துக்குப் போய் நேரத்தை வீணாக்குவதைப் பார்க்கலாம். அது சேலம் – பெங்களூரு பாதையில் இருக்கிறது. சென்னை – சேலம் பெரிய பாதைக்கு அரூரிலிருந்து மொரப்பூர்தான் பக்கம், அங்கே நிற்கும் வண்டி தோதுப்படாவிட்டால் ஜோலார்பேட்டை. மதுரை, திருநெல்வேலிப் பக்கம் என்றால் சேலம் வரை சாலையில் போய் அங்கிருந்து பேருந்து பிடிப்பது நம்பகமானது. இரவு முழுக்க வண்டிகள் இருக்கும்.

போகத்தான் வேண்டுமா என்று ஒரு நிமிடம் நிதானித்துப் பார்க்க வேண்டிய சேதிகளும் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. அதற்கடுத்த இரண்டு நாளில் மழை உள்மாவட்டங்களைப் புரட்டிப் போட்டது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33 சென்டிமீட்டர். ஊத்தங்கரையில் சாலையோரம் நின்ற வண்டிகளை வெள்ளம் இழுத்துச் சென்றது. திருவண்ணாமலையில் மண்சரிவில் ஏழு பேர் இறந்தார்கள். சென்னையிலும் திருப்பூரிலும் பெங்களூருவிலும் வேலை பார்க்கும் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அந்தத் திங்கட்கிழமை வீட்டிலிருந்து வந்த அழைப்பு "வீட்டுக்குள்ள தண்ணி" என்பதுதான். உடனே கிளம்பியவர்களுக்கு வழியில் சாலையே இல்லாத இடங்கள் இருந்தன. இப்படிப்பட்ட நேரத்தில் பெரியவர்கள் பத்திரமாக மேட்டுக்குப் போய்விட்டார்களா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். தண்ணீர் வடிந்து, வீடு கழுவ, நஷ்டக் கணக்கெடுப்புக்கு ஆள் தேவைப்படும் மூன்றாம் நாள் நீங்கள் போய்ச் சேர்வது அதிக உதவி. விடுப்பையும் அந்த நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

உயிர் சம்பந்தப்பட்ட சேதிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதற்குப் போய்விடுங்கள்.

சில எண்கள் கைப்பேசியில் முன்பே இருக்கட்டும். 108 எல்லோருக்கும் தெரியும். 104 மருத்துவ ஆலோசனைக்கு. அரசு மருத்துவமனையிலிருந்து உடலை வீட்டுக்குக் கொண்டுபோக இலவச அமரர் ஊர்திக்கு 155377. சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருந்தால் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அந்த அட்டை வீட்டில் எங்கே இருக்கிறது என்று அண்ணனுக்குச் சொல்லிவிட்டால் நீங்கள் வந்து சேரும் முன்பே வேலை நடந்திருக்கும்.

அலுவலகத்துக்கு ஒரே ஒரு தகவல்

வண்டியில் உட்கார்ந்த பிறகு அனுப்புங்கள், அதற்கு முன் வேண்டாம். ஒரே ஒருவருக்கு அனுப்புங்கள்: உங்கள் நேரடி மேலாளருக்கு. குழுவில் போடாதீர்கள், போட்டால் இரவு முழுக்கக் கைகூப்பும் படங்கள் வந்து அண்ணனின் அழைப்பை மறைக்கும். மற்றவர்களுக்குச் சொல்வது மேலாளரின் வேலை.

"சார், அப்பா இன்று காலை காலமாகிவிட்டார். அரூரிலிருந்து ஊருக்குக் கிளம்பிவிட்டேன். அடுத்த திங்கள் வரை வேலைக்கு வர இயலாது. என் வேலைகள் பற்றிய குறிப்பு பொறுப்பைப் பார்க்கும் சக ஊழியரிடம் இருக்கிறது. பத்து நாளுக்கு எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை நானே அழைக்கிறேன். அதுவரை கைப்பேசி அண்ணனிடம் இருக்கும்."

இதில் என்ன நடந்தது, எங்கே இருக்கிறீர்கள், எப்போது வரை வர மாட்டீர்கள், வேலை யாரிடம், அடுத்து எப்போது பேசுவீர்கள் என்ற ஐந்தும் வந்துவிட்டன. "தயவுசெய்து அனுமதிக்கவும்" இல்லை, "சிரமத்துக்கு மன்னிக்கவும்" இல்லை. அப்பா இறந்ததற்கு ஒருவர் தன் அலுவலகத்திடம் மன்னிப்புக் கேட்பதை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மனது கனத்துப் போகிறது. அப்படிக் கேட்கும்படி நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். அடுத்த அழைப்புக்கு நாளும் நேரமும் குறிப்பிடுவதுதான் இந்தத் தகவலின் உயிர். அது இருந்தால் நல்ல மேலாளர் அதுவரை காத்திருப்பார். இல்லையென்றால் தினமும் காலையில் "எப்படி இருக்கீங்க" என்று தொடங்கி வேலையில் வந்து முடியும் ஓர் அழைப்பு வரும்.

மருத்துவமனை விஷயத்தில் எத்தனை நாள் என்று தெரியாது. தெரியாது என்றே எழுதுங்கள், ஆனால் அடுத்த தகவல் எப்போது என்பதை மட்டும் விடாதீர்கள்.

சட்டமும் நடைமுறையும்

தனியார் துறைக்குத் துக்க விடுப்பு என்று இந்தியாவில் பொதுச் சட்டம் எதுவும் இல்லை. பல நிறுவனங்கள் தங்கள் கையேட்டில் மூன்று நாள், ஐந்து நாள் என்று தருகின்றன. சில நிறுவனங்களில் ஒன்றுமில்லை. ஆகவே உங்களுக்குக் கை கொடுப்பது பொதுவான விடுப்புதான். கடை, நிறுவனம், அலுவலகங்களுக்குப் பொருந்தும் 1947ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின்படி ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்குச் சம்பளத்தோடு 12 நாள் விடுப்பு உண்டு. அது போக, உடல்நலக் குறைவுக்கு 12 நாள், நியாயமான எந்தக் காரணத்துக்கும் தற்செயல் விடுப்பாக 12 நாள். இந்தக் கடைசிப் பன்னிரண்டு முதல் ஆண்டிலேயே உண்டு என்பது புதிதாகச் சேர்ந்தவர்களில் பலருக்குத் தெரியாது. பெங்களூருவில் வேலை என்றால் கர்நாடகத்தின் 1961ஆம் ஆண்டுச் சட்டம்; அங்கே 20 நாள் வேலைக்கு 1 நாள் ஈட்டிய விடுப்பு. தொழிற்சாலைத் தொழிலாளருக்கும் 20க்கு 1 என்ற கணக்குத்தான். அதைப் பெற ஆண்டில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது 180 நாளாகக் குறைந்திருக்கிறது.

மூன்று நாள் துக்க விடுப்பு தரும் கையேடுகளில் பெரும்பாலும் இரண்டு குறை இருக்கும். முதல் குறை, அந்த மூன்று நாளையும் தொடர்ச்சியாக எடுக்கச் சொல்வது. நம் வீடுகளில் துக்கம் அப்படி நடப்பதில்லை. எடுப்பது ஒரு நாள், பால் தெளிப்பது அடுத்த நாள், காரியம் பதினோராம் நாளோ பதினாறாம் நாளோ. மூத்த மகனாகவோ ஒரே மகளாகவோ இருந்தால் இரண்டு தடவை ஊருக்குப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை மேலாளரிடம் பேசும்போதே காரியத்தின் தேதியையும் சொல்லி, விடுப்பை இரண்டு துண்டாகக் கேளுங்கள். கையேட்டில் இல்லாவிட்டாலும் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். கேட்காமல் இருந்துவிட்டு, பதினைந்தாம் நாள் காலையில் விண்ணப்பம் போடுகிறவர்களுக்குத்தான் முகச்சுளிப்பு.

இரண்டாம் குறை, யாருடைய சாவுக்கு விடுப்பு என்ற பட்டியல். பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள் என்று அது முடிந்துவிடும். அம்மா செங்கல் சூளைக்கோ பனியன் கம்பெனிக்கோ வெளியூர் போயிருந்த காலத்தில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பாட்டிகளும் பெரியம்மாக்களும் தருமபுரிப் பக்கம் ஏராளம். தாய்மாமன் இல்லாமல் எந்தச் சடங்கும் நடப்பதில்லை. இவர்களில் ஒருவர் இறந்தால் கையேட்டைப் புரட்டிக்கொண்டு இருக்காதீர்கள். "என்னை வளர்த்தவர்" என்று இரண்டு சொல்லில் எழுதுங்கள், தற்செயல் விடுப்பில் போய் வாருங்கள். மனிதவளத் துறையில் இருப்பவர்கள் இந்தப் பட்டியலை எடுத்துவிட்டு "நெருங்கிய உறவினர்" என்று எழுதினால் ஒரு நிறுவனமும் மூழ்கிவிடாது.

இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். அதற்குள் என்றால் கட்டணம் இல்லை. மருத்துவமனையில் நடந்தால் அவர்களே தகவல் தருவார்கள், வீட்டில் நடந்தால் குடும்பம் பார்க்க வேண்டும். இறந்தவர் வருங்கால வைப்பு நிதி பிடிக்கப்படும் வேலையில் இருந்தவர் என்றால் அதோடு சேர்ந்த காப்பீட்டில் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை வர வாய்ப்புண்டு, ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் இறுதிச் சடங்குக்கு 15 ஆயிரம் வரை. இவற்றுக்காக இன்னொரு நாள் விடுப்பு தேவைப்படும். அதையும் கணக்கில் வையுங்கள்.

மேலாளராக இருப்பவருக்கு

அந்தத் தகவல் வந்ததும் ஒரு வரியில் பதில் போடுங்கள்: "போய் வாருங்கள், இங்கே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." எப்போது வருவீர்கள் என்று கேட்காதீர்கள். இறப்புச் சான்றிதழ் கேட்காதீர்கள். கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு மாதம் கழித்துக் கேளுங்கள். அடுத்த ஒரு மணி நேரத்தில் வேலைகளைப் பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுங்கள். பொதுவாக "எல்லாரும் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொன்னால் யாரும் பார்க்க மாட்டார்கள், மூன்றாம் நாள் அழைப்பு துக்க வீட்டுக்குத்தான் போகும்.

முடிந்தால் ஒருவரை ஊருக்கு அனுப்புங்கள். மாலை வாங்கி, ஒரு மணி நேரம் பந்தலில் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும். அலுவலகத்திலிருந்து ஆள் வந்ததை அந்த ஊர் பல வருடம் சொல்லிக்கொண்டிருக்கும். சக ஊழியர்கள் பணம் திரட்டினால் பெயர்ப் பட்டியல் இல்லாமல் ஒரே உறையில் கொடுங்கள்.

ஒப்பந்தத்திலும் தினக்கூலியிலும் வேலை செய்பவர்களுக்கு மேலே சொன்ன எந்த விடுப்பும் நடைமுறையில் இருப்பதில்லை. தருமபுரி மாவட்டத்திலிருந்து பெங்களூருவுக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூருக்குப் பனியன் வேலைக்கும் போயிருக்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஊரிலிருந்து சேதி வந்தால், போன நாளுக்குக் கூலி இல்லை, சில இடங்களில் திரும்பி வரும்போது வேலையும் இல்லை. மேஸ்திரியாகவோ மேற்பார்வையாளராகவோ இருப்பவர் கையில் இதை மாற்ற இரண்டு வழி இருக்கிறது. வரவேண்டிய கூலியை அன்றைக்கே கணக்குப் பார்த்துக் கையில் கொடுத்து அனுப்பலாம், ஊருக்குப் போக அதுதான் வேண்டும். வருகைப் பதிவேட்டில் பெயரை அடிக்காமல் வைத்திருக்கலாம். இதற்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை.

திரும்பி வந்த பிறகு

முதல் நாள் எல்லோரும் வந்து விசாரிப்பார்கள். அன்றைக்கு முக்கியமான கூட்டம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். குறிப்பை வைத்து வேலை பார்த்தவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அவர் எடுத்த முடிவுகளைக் கேட்டு, அவற்றை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் இருந்திருந்தால் வேறு மாதிரி செய்திருப்பீர்கள் என்பது உண்மையாகவே இருக்கலாம். அதைச் சொல்லும் நாள் அதுவல்ல.

இன்னொன்று உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். அப்பா விழுந்தபோது நான் மலையில் சுற்றிக்கொண்டிருந்தேனே என்பது. பந்தலில் யாராவது ஒரு பெரியம்மா, "ஊரு சுத்தப் போயிட்டானாம்" என்று சொல்லியும் இருப்பார். நீங்கள் அன்றைக்கு அலுவலகத்தில் இருந்திருந்தாலும் அதே நேரத்தில்தான் நடந்திருக்கும்; ஒரு கூட்டத்தின் நடுவில் கைப்பேசியை அணைத்து வைத்திருந்திருப்பீர்கள். அலுவலகத்தில் இருந்தவரை யாரும் குறை சொல்வதில்லை, ஓய்வெடுத்தவரைச் சொல்கிறார்கள். இந்த நியாயத்தை ஏற்றுக்கொண்டுதான் பலர் அதன்பின் பல ஆண்டுகள் விடுப்பே எடுக்காமல் வேலை செய்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். மீதமிருக்கும் விடுப்பு உங்களுடையது. தோன்றும்போது எடுங்கள்.

உங்களோடு நடப்பவருக்கும் வீடு உண்டு

கடைசியாக, பயணக் குறிப்புகளில் யாரும் எழுதாத ஒன்று. சேதி உங்களுக்குத்தான் வரும் என்று இல்லை. உங்களை மலைக்குக் கூட்டிப் போகிற மலைவாசித் தம்பிக்கும், களியும் கருவாட்டுக் குழம்பும் ஆக்கிப் போடுகிற அக்காவுக்கும், ஒகேனக்கல்லில் பரிசல் தள்ளுகிற அண்ணனுக்கும் வரும். உங்கள் விடுமுறைதான் அவர்களுடைய வேலையிடம். அந்த நான்கு நாளும் அவர்களுக்கு நீங்கள்தான் முதலாளி.

அவர்களுக்கு விடுப்புச் சட்டம் கிடையாது. பரிசல் ஓட்டுபவருக்கு ஆற்றில் தண்ணீர் கூடினாலே வேலை நின்றுவிடும். 2018, 2022, 2024 ஆண்டுகளில் ஒகேனக்கல்லில் விநாடிக்கு 1 லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் வந்து, மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போட்ட நாட்களில் ஒரு ரூபாய் வருமானம் இல்லை. மலையூர்களில் வண்டி போகாத இடங்களில் நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்க இன்னும் ஆள் வேண்டியிருக்கிறது. உங்கள் வழிகாட்டிக்கு நடுவழியில் ஒரு சேதி வந்தால், அது இன்னொரு தோள் வேண்டும் என்ற சேதியாகவும் இருக்கலாம். பேசிய பேச்சுக்காக, வாங்கிய முன்பணத்துக்காக, அவர் உங்களிடம் அதைச் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பார். கவனியுங்கள், கேளுங்கள்.

தெரிந்ததும் அங்கேயே திரும்புங்கள். அவர் இல்லாமல் மேலே போகாதீர்கள், "வேற யாரையாவது அனுப்பு" என்று கேட்காதீர்கள். பேசிய முழு நாள் கூலியையும் கையில் கொடுங்கள். நான்கு நாளுக்குப் பேசியிருந்தால் நான்கு நாளுக்கும். உங்கள் வண்டி அடிவாரத்தில் நின்றால் அவர் வீட்டு ஆளைத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோக அந்த வண்டியைக் கொடுங்கள், ஓட்டுநரோடு. தங்கிய வீட்டில் ரத்து செய்த இரவுகளுக்குப் பணம் திருப்பிக் கேட்க வேண்டாம். முன்பதிவு செய்து கொடுத்த நிறுவனம் ஒன்று இடையில் இருந்தால், வழிகாட்டியின் பங்கை அவர்கள் பிடித்துக்கொள்ளக் கூடாது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஊருக்குத் திரும்பி ஒரு வாரம் கழித்து அவரை அழைத்து, வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள். சிக்னல் இல்லாமல் போகும்; மறுநாள் மறுபடி அழையுங்கள்.